பெயர்ப்பட்டியலில் கலந்தால் போதுமா? பொறியியல் மாணவர்களின் பல்லினக் குழுப்பணி

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றை ஒட்டி இருக்கும் நிபோங் திபால், தோட்டங்கள் வளர்த்த பட்டணம். 19ஆம் நூற்றாண்டில் கரும்பு, பிறகு பால்மரம், இப்போது செம்பனை என்று பயிர் மாறிக்கொண்டே வந்தாலும், கலிடோனியா, பைராம் போன்ற தோட்டப் பெயர்கள் ஊராரின் பேச்சில் இன்னும் புழங்குகின்றன. ஊரை அடுத்து ஒரு பக்கம் கெடா, மறுபக்கம் பேராக். இந்த ஊருக்குத்தான் 2001இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் பேராக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. லயத்து வீடுகளிலும் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் தாமான் வீடுகளிலும் வளர்ந்த பிள்ளைகள் சிலர் இன்று இத்தகைய வளாகங்களில் படிக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் பலருக்கு ஒரு சந்தேகம் உண்டு. பிள்ளை படிப்பது பொறியியல். ஆனால் எப்போது கேட்டாலும் குழுக் கூட்டம், குழு அறிக்கை, குழுப் படைப்பு என்கிறது. கூடவே குழுவில் எல்லா இனத்தவரும் இருக்க வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டாராம். இது பாடத்தின் பகுதியா, அல்லது ஒற்றுமை வாரத்து நிகழ்ச்சியின் நீட்சியா?

பாடத்தின் பகுதிதான். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் 1989இல் 6 நாடுகள் கையெழுத்திட்டன. மலேசியா 2009இல் முழு உறுப்பு நாடானது. இங்குள்ள பொறியியல் பட்டப்படிப்புகளை மலேசியப் பொறியாளர் வாரியத்தின் கீழ் இயங்கும் அங்கீகார மன்றம் மதிப்பிடுகிறது. மாணவருக்கு என்னென்ன கற்பிக்கப்பட்டது என்பதோடு, பட்டம் பெறும்போது அவரால் என்னென்ன செய்ய முடிகிறது என்பதற்கும் அந்த மன்றம் சான்று கேட்கும். உடன்படிக்கையின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பு பட்டதாரிக்குரிய 11 பண்புகளை வரையறுக்கிறது. அவற்றுள் 8ஆவது, பல்வகைப்பட்டவர்களை உள்ளடக்கிய குழுக்களில், நேரிலும் தொலைவிலிருந்தும், உறுப்பினராகவும் தலைவராகவும் செயல்படும் திறன். 9ஆவது, பண்பாடு, மொழி, கற்கும் முறை ஆகியவற்றின் வேறுபாடுகளைக் கருத்தில் கொண்டு கருத்துப் பரிமாறும் திறன். நம் உயர்கல்வி அமைச்சும் 2006லேயே தொடர்பாடல், குழுப்பணி, தலைமைத்துவம், நெறிமுறை முதலிய 7 மென்திறன்களைப் பொதுப் பல்கலைக்கழகப் படிப்புகளுக்குள் கொண்டுவந்தது. ஆகவே வெப்ப இயக்கவியலில் தேர்ச்சி பெறுவது எப்படி ஒரு நிபந்தனையோ, குழுவில் வேலை செய்யத் தெரிவதும் அப்படியே ஒரு நிபந்தனை.

நிபந்தனை வைத்ததில் நியாயமும் இருக்கிறது. நிபோங் திபாலிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் பத்து காவான் ஒரு காலத்தில் தோட்ட நிலம். 2014இல் இரண்டாம் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அது மின்னணு, மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளின் வட்டாரமாக உருமாறியது. அங்கே வேலைக்குச் சேரும் இளம் பொறியாளர் தன் வேலைநேரம் முடிந்து அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். எந்த இயந்திரம் மக்கர் செய்கிறது என்பதை அதை இயக்கும் நேப்பாளத்துத் தொழிலாளிக்கு எளிய மலாயில் விளக்க வேண்டும். சீன மேற்பார்வையாளர் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனதைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று தயங்காமல் திரும்பக் கேட்க வேண்டும். வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி அனுப்ப வேண்டும். அவர் கல்லூரியில் பழகிய மென்பொருள் அந்தத் தொழிற்சாலையில் இல்லாமல் இருக்கலாம். இந்தக் கால் மணி நேரம் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் இருக்கும். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு, ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நம்முடன் வரக்கூடிய இத்தகைய திறன்களைத்தான் மாற்றத்தக்க திறன்கள் என்கிறார்கள்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். மாற்றத்தக்கவை என்று பெயர் வைத்துவிட்டதாலேயே அவை தாமாக இடம் மாறிவிடுவதில்லை. 1901இல் தார்ன்டைக், உட்வொர்த் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வுகள், ஒரு பணியில் பெற்ற பயிற்சி இன்னொரு பணிக்கு உதவ வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான கூறுகள் இருக்க வேண்டும் என்று காட்டின. 1980இல் கிக், ஹோலியோக் என்ற ஆய்வாளர்கள் இதையே வேறொரு வழியில் சோதித்தார்கள். ஒரு கோட்டையைத் தாக்கப் படையைச் சிறு பிரிவுகளாகப் பிரித்துப் பல வழிகளில் அனுப்பிய தளபதியின் கதையை மாணவர்களைப் படிக்கச் சொன்னார்கள். பிறகு, சுற்றியுள்ள திசுக்களைக் கெடுக்காமல் கதிர்வீச்சால் ஒரு கட்டியை அழிப்பது எப்படி என்று கேட்டார்கள். பல திசைகளிலிருந்து வலுக்குறைந்த கதிர்களைக் குவிக்கலாம் என்ற விடை கதைக்குள்ளேயே இருக்கிறது. 'படித்த கதையைப் பயன்படுத்திப் பாருங்கள்' என்று சொன்னபோது பெரும்பாலானோர் விடை கண்டார்கள். சொல்லாதபோது கண்டவர்கள் சிலரே. குழுப்பணிக்கும் இதே கதிதான். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நன்கொடை வசூலித்து, காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி, அன்னதானத்துக்கு ஆள் பிரித்து, கணக்கு ஒப்படைத்த இளைஞர், வளாகத்தில் ஒரு திட்டப்பணியைத் திட்டமிடத் தெரியாமல் திணறுவது உண்டு. அவரிடம் திறன் இருக்கிறது. அது இங்கேயும் செல்லுபடியாகும் என்று யாரும் அவருக்குச் சுட்டிக்காட்டவில்லை, அவ்வளவுதான். மாறுபட்ட சூழல்களில் திரும்பத் திரும்பச் செய்வதும், செய்ததை நிறுத்தி நிதானித்துப் பேசிப் பார்ப்பதும் இல்லாமல் ஒரு திறன் இடம் மாறுவது அரிது. பல்லினக் குழுவின் உண்மையான பயனும் இதுவே. ஒரே வேலையை வேறுவேறு பழக்கமுடையவர்களோடு செய்யும்போதுதான் தன் பழக்கங்களில் எது வேலைக்குத் தேவையானது, எது வெறும் வழக்கம் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

வெவ்வேறு இனத்தவரை ஒரே இடத்தில் வைத்தால் நல்லுறவு தானாக வளரும் என்ற எண்ணம் நம் நாட்டில் பலமாக வேரூன்றியது. ஆனால் தோட்ட வரலாற்றை அறிந்தவர்கள் அதை அவ்வளவு எளிதில் நம்பமாட்டார்கள். துரை ஐரோப்பியர், கிராணி பெரும்பாலும் மலையாளியோ யாழ்ப்பாணத்தாரோ, பால் வெட்டியவர்கள் தமிழர்கள், பட்டணத்துக் கடை சீனருடையது, சுற்றியிருந்த கம்பங்களும் நெல்வயல்களும் மலாய்க்காரர்களுடையவை. எல்லாரும் தினமும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு வேலையைச் சமமாக உட்கார்ந்து சேர்ந்து செய்ததில்லை. பர்மாவிலும் டச்சு இந்தோனேசியாவிலும் இதே நிலையைக் கண்ட காலனியாட்சி ஆய்வாளர் ஃபர்னிவால், சந்தையில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் இத்தகைய சமூகத்தைப் பன்மைச் சமூகம் என்று 1948இல் விவரித்தார். வகுப்பறைக் குழுக்கள் பலவும் இந்தத் தோட்டத்தின் சிறு வடிவமாகவே நடக்கின்றன: கணக்கு ஒருவருக்கு, எழுத்து ஒருவருக்கு, படம் வரைவது ஒருவருக்கு என்று முதல் நாளே பிரித்துக்கொண்டு, கடைசி இரவில் துண்டுகளை ஒட்டிப் புலனக் குழுவில் ஒரு நன்றி போட்டுப் பிரிந்துவிடுகிறார்கள்.

சேர்ந்திருத்தல் எப்போது பலன் தரும் என்பதற்கு 1954இல் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 4 நிபந்தனைகள் சொன்னார்: அந்தச் சூழலுக்குள் சமநிலை, பொதுவான இலக்கு, அதை அடையப் போட்டியின்றி ஒத்துழைக்க வேண்டிய தேவை, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு. இவற்றை வகுப்பறைக்கு ஏற்ற வேலைமுறையாக மாற்றியவர் எலியட் ஆரன்சன். 1971இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பின, மெக்சிக்க மரபுப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுப் பகை மூண்டிருந்த வேளையில், பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் விளக்கினால்தான் தனக்கு முழுப் பாடமும் கிடைக்கும் என்ற நிலை வந்ததும், அதுவரை யாரும் கண்டுகொள்ளாத பிள்ளையின் பேச்சையும் கேட்டே ஆக வேண்டியதாயிற்று. பொறியியல் கல்வியில் இன்று பரவலாகப் பேசப்படும் கூட்டுறவுக் கற்றலும் இதற்கு உறவுமுறைதான். ஜொகூர், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கூட்டுறவுக் கற்றலைச் சிக்கல்வழிக் கற்றலோடு இணைத்துப் பொறியியல் வகுப்புகளில் நடத்திவந்திருக்கிறது.

ஆல்போர்ட்டின் 4 நிபந்தனைகளுள் நம்மிடம் அதிகம் தடுமாறுவது முதலாவது. சமநிலையைக் குலைப்பது பெரும்பாலும் இனத்தைவிட மொழிதான் என்பது என் கணிப்பு. தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டு தமிழில் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறுகிறது. பல்கலைக்கழகத்தில் பாடநூலும் அறிக்கையும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றன. மூன்றாவது மொழியில் வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்து முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது. பேசாமல் இருப்பவரைத் தெரியாதவர் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கிளந்தானின் உட்பகுதியிலிருந்து வரும் மலாய் மாணவருக்கும் சீனப்பள்ளி வழியாக வந்த மாணவருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு என்பதைத் தமிழ் மாணவர்கள் பலர் கவனிப்பதில்லை. ஆங்கிலம் சரளமாக வரும் நகரத்து மாணவர் எந்த இனத்தவராக இருந்தாலும் குழு அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இனப் பெயரை வைத்துக் குழுவைக் கலக்கும் விரிவுரையாளர் இந்தச் சாய்வைக் காண்பதே இல்லை.

குழுவைக் கலப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் பூமிபுத்ரா 69.4 விழுக்காடு, சீனர் 23.2 விழுக்காடு, இந்தியர் 6.7 விழுக்காடு. ஒரு வகுப்பு இதே விகிதத்தில் அமைந்தால் 60 பேரில் இந்தியர் 4 பேர். நான்கு பேர் கொண்ட 15 குழுக்கள் அமைக்கும்போது, குழுவுக்கு ஒருவராகப் பரப்பினாலும் 11 குழுக்களில் இந்தியரே இருக்கமாட்டார். ஆக, 'எல்லாக் குழுக்களும் பல்லினக் குழுக்கள்' என்ற அறிவிப்பு நடைமுறையில் மலாய்–சீனக் கலப்பையே குறிக்கும். அதைவிட முக்கியமானது, அந்த 4 பேருக்கும் என்ன நேர்கிறது என்பது. பார்பரா ஓக்லி, ரிச்சர்ட் ஃபெல்டர் உள்ளிட்டோர் 2004இல் பொறியியல் ஆசிரியர்களுக்காக எழுதிய கட்டுரையில், குழுக்களை மாணவர் விருப்பத்துக்கு விடாமல் ஆசிரியரே அமைக்க வேண்டும் என்றும், வகுப்பில் சிறுபான்மையாக இருப்பவர்களைத் தொடக்க ஆண்டுகளில் குழுவில் தனித்து விடக் கூடாது என்றும் பரிந்துரைத்தார்கள். தனித்து விடப்பட்டவர் ஒதுங்கிப்போகவோ ஒதுக்கப்படவோ வாய்ப்பு அதிகம். அவர் வாய் திறந்தால் அது ஒரு மாணவரின் கருத்தாக இல்லாமல் ஓர் இனத்தின் கருத்தாகக் கேட்கப்படும்.

நம் வழக்கமோ இதற்கு நேரெதிர். குழுவுக்கு ஓர் இந்தியர் என்று பகிர்ந்து வைப்பது தாளில் பார்க்க நியாயமாக இருக்கிறது. அங்கீகார மன்றத்தின் கோப்பில் புகைப்படத்தோடு சேர்க்கவும் வசதியாக இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் இருவர் இருவராக வைத்து, கடைசி ஆண்டில் தனித்தனியாகப் பரப்புவதே சரி என்று நான் நினைக்கிறேன். வேலைக்குப் போனால் தனியாகத்தான் நிற்க வேண்டும், இப்போதே பழகட்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. வாதத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அது கடைசி ஆண்டுக்குரிய உண்மை. முதல் பருவத்திலேயே வாயடைத்துப்போன மாணவர் நான்கு ஆண்டும் பழகுவது வாயடைத்திருப்பதைத்தான். இருவராக வைக்கும்போது அந்த இருவரும் தமிழிலேயே பேசி ஒரு மூலையில் ஒதுங்கிவிடுவார்களே என்ற அச்சமும் நியாயமானதே. அதைத் தடுக்க வேண்டியது குழுப் பட்டியலின் வேலை அன்று, பணியின் அமைப்பு செய்ய வேண்டிய வேலை.

காலமும் ஒரு காரணி. வாட்சன், குமார், மைக்கல்சன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பண்பாட்டால் வேறுபட்ட குழுக்கள் தொடக்கத்தில் ஒரே வகைக் குழுக்களைவிடப் பின்தங்கியிருந்தன. 17 வாரங்கள் சென்றபோது ஒட்டுமொத்தச் செயல்திறனில் இடைவெளி மறைந்ததோடு, சிக்கலைப் பல கோணங்களில் பார்ப்பதிலும் மாற்று வழிகளை முன்வைப்பதிலும் அவை முந்தின. நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்தின் கற்பித்தல் காலம் வழக்கமாக 14 வாரம். குழுப்பணி அதில் மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் தொடங்கும். இடர்ப்பாட்டை மட்டும் முழுமையாக அனுபவித்துவிட்டு, பலன் வரத் தொடங்கும் நேரத்தில் குழுவைக் கலைத்துவிடுகிறோம். 'பார்த்தாயா, அவர்களோடு வேலை செய்வது கஷ்டம்' என்ற முடிவோடு மாணவர் வீடு திரும்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய அனுபவம் அவருக்குச் சொன்னது அதுதான். ஒரு குழுவை இரண்டு பருவங்கள் தொடர விடுவது, அல்லது இறுதி ஆண்டின் ஒருங்கிணைந்த வடிவமைப்புத் திட்டப்பணியை முழு ஆண்டுக்கும் நீட்டுவது, புதிய பாடம் ஒன்றைச் சேர்ப்பதைவிடப் பயனுள்ளது.

பணியின் அமைப்பு எப்படி இருக்கலாம் என்பதைத் தோட்ட வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கலை வைத்துப் பார்ப்போம். செம்பனை ஆலையில் ஒரு டன் குலையை ஆட்டினால் சுமார் 0.65 கன மீட்டர் கழிவுநீர் வெளியேறும். மணிக்கு 30 டன் ஆட்டும் ஆலையிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 20 கன மீட்டர். 80 முதல் 90 டிகிரி வெப்பத்தோடு, புளித்த வாடையோடு வரும் அந்த நீரின் உயிரிய ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் நீர்நிலைக்குள் விடுவதற்கான வரம்பு 100 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அதாவது 99.6 விழுக்காடு நீக்க வேண்டும். குளங்களின் அளவும் வரிசையும் ஒரு பகுதி. காற்றில்லாக் குளத்தில் எழும் மீத்தேனைப் பிடித்து மின்சாரமாக்குவது ஒரு பகுதி. விதிமுறையும் செலவும் ஒரு பகுதி. ஆலைத் தொழிலாளர்களிடமும் பக்கத்துக் குடியிருப்பினரிடமும் கேட்டறிவது ஒரு பகுதி. நால்வருக்கு நான்கு. ஒருவருடைய விடை இல்லாமல் இன்னொருவரின் கணக்கு நகராது. மீத்தேன் எவ்வளவு என்று தெரியாமல் செலவுக் கணக்கு முடியாது. குளத்தில் நீர் எவ்வளவு காலம் தங்குகிறது என்று தெரியாமல் மீத்தேன் கணக்கு முடியாது.

இந்தக் குழுவில் தோட்டத்தில் வளர்ந்த தமிழ் மாணவி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பகுதிகளைப் பிரிக்கும்போது என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. 'மண்டோர் தமிழர்தானே, நீயே போய்க் கேள்' என்று நான்காம் பகுதி அவர் தலையில் விழும். அவரும் அதை விருப்பத்தோடு ஏற்பார், ஏனென்றால் அது அவருக்கு எளிது. பருவ முடிவில் அவர் ஏற்கெனவே அறிந்ததை மீண்டும் ஒருமுறை செய்திருப்பார். மற்ற மூவரும் ஆலைத் தொழிலாளி ஒருவரிடம் ஒரு வார்த்தை பேசாமலேயே அறிக்கை எழுதியிருப்பார்கள். நல்ல ஆசிரியர் இதை மாற்றி வைப்பார். மீத்தேன் கணக்கு அந்த மாணவிக்கு. ஆலைக்குப் போய்க் கேட்பது கிளந்தான் மாணவருக்கும் பினாங்குச் சீன மாணவருக்கும். மாணவி 'ஐயா' என்று அழைத்திருப்பவரை அவர்கள் 'அங்கிள்' என்று அழைத்து, மலாயில் தொடங்குவார்கள். குளம் ஏன் நாறுகிறது என்று கேட்டால் மண்டோர் விரிவுரை நடத்தமாட்டார்; குலை அதிகம் வரும் மாதங்களில் குளம் தாங்காது, அதுவும் சேறு அள்ளி நாளாகிவிட்டது என்று போகிறபோக்கில் சொல்வார். அதைக் கேட்டு வந்தவர்கள் அதன் பொருளைக் குழுவில் விளக்கியாக வேண்டும். சேறு ஏறினால் குளத்தின் பயன்படும் கொள்ளளவு குறையும், நீர் தங்கும் காலம் சுருங்கும்; சராசரி வரத்தை வைத்துப் போட்ட மாணவியின் கணக்கு உச்ச வரத்துக்குப் பொருந்தாது. மறுபடி போட வேண்டும். ஒரு தொழிலாளியின் அரை வாக்கியம் ஒரு வடிவமைப்பைத் திருத்தும் அந்த இடத்தில், தொடர்பாடலும் பொறியியலும் தனித்தனிப் பாடங்களாக இருப்பதில்லை. மாணவிக்கும் தன் வீட்டுப் பக்கத்து அறிவு இன்னொருவர் வாயிலிருந்து தொழில்நுட்பத் தகவலாக வந்து சேர்வது ஒரு புதிய அனுபவமாக இருக்கும்.

குழு ஒப்பந்தம் என்று ஒரு தாளை முதல் வாரத்திலேயே எழுதி வாங்கும் வழக்கம் சில வகுப்புகளில் உண்டு. பெரும்பாலும் 'ஒருவரையொருவர் மதிப்போம்' என்ற வகையில் நான்கு வாக்கியங்களோடு அது முடிந்துவிடும். அந்தத் தாளில் இருக்க வேண்டியவை இதைவிடச் சில்லறையானவை, அதனாலேயே முக்கியமானவை. எல்லையின் கெடா பக்கத்தில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. பினாங்குப் பக்கத்தில் சனியும் ஞாயிறும். இரு மாநிலங்களிலும் தகவல் திரட்ட வேண்டிய குழுவுக்கு வாரத்தில் பொதுவான வேலை நாள் நான்குதான். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் கூட்டம் வைக்க முடியாது. நோன்பு மாதத்தில் மாலைக் கூட்டம் நோன்பு திறக்கும் நேரத்தோடு முட்டும். சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரத்தில் பாதிப் பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் அதற்கு முன்பிருந்தே விரதத்தில் இருப்பார். சாப்பாட்டுக்கு மாமாக் கடை எல்லாருக்கும் ஒத்துவரும் என்பதால் கூட்டங்கள் பல அங்கேயே நடந்துவிடுகின்றன. இவற்றையெல்லாம் வேலை அட்டவணையில் முதலிலேயே குறித்து வைப்பது பண்பாட்டுப் பாடமா, திட்ட மேலாண்மைப் பாடமா என்று கேட்டால், பிந்தியது என்றே சொல்வேன். நாளை இவர்களுள் ஒருவர் மூன்று நாடுகளில் ஆள் வைத்திருக்கும் ஒரு திட்டத்துக்கு அட்டவணை போடும்போது கை தானாக நாட்காட்டிகளைத் தேடும்.

மொழி பற்றியும் அந்தத் தாளில் ஒரு வரி வேண்டும். பேச்சு மலாயில், குறிப்பு ஆங்கிலத்தில் என்று வைத்துக்கொள்ளும் குழுக்கள் ஓரளவு நன்றாக நடக்கின்றன. இடையில் இருவர் மாண்டரினிலோ தமிழிலோ பேசிக்கொள்வதைத் தடைசெய்வதில் பயனில்லை. கடினமான கருத்தைத் தாய்மொழியில் ஒருமுறை பேசித் தெளிவது கற்றலின் இயல்பான வழி. பேசி முடித்ததும் என்ன பேசினோம் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று விதி வைத்தால் போதும். சொல்லும்போது அவர்களுக்கே கருத்து இன்னொருமுறை தெளிவாகிறது.

மதிப்பெண் விஷயத்துக்கு வந்தால் பெற்றோரின் குறை நியாயமானது: என் பிள்ளை உழைத்தது, எல்லாருக்கும் ஒரே மதிப்பெண்ணா? குழுவாகச் செய்யும்போது தனிமனித உழைப்பு குறைவது மனித இயல்பு. உளவியலாளர் லத்தானேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1979இல், கூட்டமாகக் கைதட்டவும் கூச்சலிடவும் சொன்னபோதே ஒவ்வொருவரும் தனியாகச் செய்ததைவிடக் குறைவாகச் சத்தம் எழுப்பினார்கள் என்று காட்டினார்கள். ஆகவே உறுப்பினர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறை வந்தது. கணக்கு எளியது. குழுவின் மதிப்பெண் 72 என்றும், சகமாணவர்கள் கொடுத்த மதிப்பீடுகளின் சராசரி நால்வருக்கும் முறையே 80, 90, 85, 65 என்றும் கொள்வோம். குழுவின் சராசரி 80. ஒவ்வொருவரின் மதிப்பீட்டையும் 80ஆல் வகுத்து 72ஆல் பெருக்கினால் 72, 81, 76.5, 58.5 கிடைக்கும். தனக்குக் கூடுதல் பங்கு சேர்வதற்காக வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு மற்றவரைச் செய்யவிடாமல் தடுப்பவர்களும் உண்டு என்பதால், வகுத்து வரும் எண்ணை 1.05க்கு மேல் போகவிடாமல் சில ஆசிரியர்கள் உச்சவரம்பு வைக்கிறார்கள். அப்போது 81 பெற்றவருக்கும் 76.5 பெற்றவருக்கும் 75.6தான்.

இந்த முறைக்குள் நுழையும் ஓட்டையை நாம் அறிவோம். நம்மவர் என்பதற்காகக் கூட்டிப் போடுவதும், பேசாதவர் என்பதற்காகக் குறைத்துப் போடுவதும் நடக்கும். அமெரிக்காவில் பொறியியல் ஆசிரியர்கள் உருவாக்கிய கேட்மி என்னும் இயங்கலைக் கருவி இதை ஓரளவு கட்டுப்படுத்துகிறது. ஆளுக்கு எத்தனை மதிப்பெண் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், வேலையில் பங்கெடுத்தது, சகமாணவரோடு பழகியது, குழுவைத் தடம் விலகாமல் வைத்தது, தரத்தை எதிர்பார்த்தது, தேவையான அறிவும் திறனும் கொண்டிருந்தது என்று 5 வகைகளில், ஒவ்வொன்றுக்கும் கண்ணால் கண்ட நடத்தைகளை விவரித்து, எது பொருந்துகிறது என்று கேட்கிறது. மதிப்பீட்டைப் பருவத்தின் நடுவிலும் ஒருமுறை, மதிப்பெண் இல்லாமல், நடத்தினால் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும். முடிவில் மட்டும் நடத்தினால் அது பழிதீர்க்கும் சீட்டாகிவிடுகிறது.

சிந்தனைக் குறிப்பேடு எழுதச் சொல்வது இப்போது பரவலாகிவிட்டது. அதை மாணவர்கள் கடைசி இரவில் ஒரே நடையில் எழுதித் தள்ளுவதும் பரவலாகிவிட்டது. கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக இருக்கும். 'குழுப்பணியில் என்ன கற்றாய்?' என்பதைவிட, 'இந்த வாரம் குழுவில் யார் சொன்ன எதனால் உன் கணக்கோ வரைபடமோ மாறியது?' என்பது நல்ல கேள்வி. கூடவே, 'இதே சூழ்நிலை தொழிற்பயிற்சிக்குப் போகும் இடத்தில் வந்தால் யாரிடம் முதலில் பேசுவாய்?' என்று கேட்டால், கிக், ஹோலியோக் ஆய்வில் மாணவர்களுக்குக் கிடைத்த குறிப்பு இவர்களுக்கும் கிடைத்துவிடுகிறது. நம் பட்டப்படிப்புகளில் குறைந்தது 8 வாரத் தொழிற்பயிற்சி கட்டாயம் என்பதால், குறிப்பேட்டில் எழுதியதைச் சோதித்துப் பார்க்க இடமும் இருக்கிறது; பயிற்சி முடிந்து வந்த மாணவரிடம் பழைய குறிப்பைத் திரும்பக் கொடுத்து அதன் அடியில் எழுதச் சொல்லும் விரிவுரையாளர்களைத்தான் அரிதாகப் பார்க்கிறோம்.

இறுதி நேர்காணலில் மாணவரிடம் அவர் எழுதிய பகுதியைப் பற்றிக் கேட்பது வழக்கம். கழிவுநீர்க் குழுவின் நால்வரிடமும் இடம் மாற்றிக் கேட்க வேண்டும் என்பேன்: மீத்தேன் கணக்கைப் போட்ட மாணவியிடம் விதிமுறைச் செலவை, ஆலைக்குப் போய்வந்தவரிடம் குளத்தின் கொள்ளளவை, செலவுக் கணக்குக்காரரிடம் மண்டோர் சொன்னதை. இப்படிக் கேட்கப்போகிறோம் என்று முதல் வாரத்திலேயே அறிவித்துவிட்டால், துண்டுகளைக் கடைசி இரவில் ஒட்டும் பழக்கத்துக்கு இடமிருக்காது. நால்வரும் பருவம் முழுவதும் ஒருவர் இன்னொருவருக்கு, இருக்கிற மொழியில், விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.